ஹெய்ட்டி ஜனங்களின் சிரிப்பு
(ஒரு வாசகசாலைக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நான் பேச எடுத்துக் கொண்ட விஷயம் ஹெய்ட்டி தேசத்து ஜனங்களின் ஹாஸ்யம் என்பதாகும். "பசியையும் பஞ்சத்தையும் பற்றிப் பேச வேண்டிய மேடையில் சிரிப்பைப் பற்றி என்ன பேச்சு?" என்று உங்களில் சிலர் நினைக்கலாம். அவர்களுக்கு முதலிலேயே ஒரு வார்த்தை சொல்லி விடுகிறேன். நான் உங்களைச் சிரிக்க வைப்பதற்காக வரவில்லை. யாருக்கு யாரைப் பார்த்துச் சிரிக்க உரிமை இருக்கிறது என்பதை விசாரிப்பதற்காகவே வந்திருக்கிறேன்.

எஜமானன் அடிமையைப் பார்த்துச் சிரித்தால் அதற்குத் தமாஷ் என்று பெயர். அடிமை எஜமானனைப் பார்த்துச் சிரித்தால் அதற்குத் திமிர் என்று பெயர். ராஜத் துரோகம் என்று பெயர். தெய்வ நிந்தனை என்றும் பெயர். ஒரே சிரிப்புக்கு இரண்டு சட்டம் இருக்கிறதென்றால் அந்தச் சிரிப்பில் ஏதோ ஒரு பலம் இருக்கத்தானே வேண்டும்? பலமில்லாத பொருளுக்கு எவனாவது பூட்டுப் போடுவானா? இதை விளங்கிக் கொள்வதற்கு ஹெய்ட்டியைப் போல நல்ல பாடம் வேறில்லை.

ஹெய்ட்டி என்பது அமெரிக்கக் கண்டங்களுக்கு நடுவே, கரிபியன் கடலில் உள்ள ஒரு தீவின் மேற்குப் பகுதி. இது முன்பு பிரெஞ்சுக்காரரின் காலனியாக இருந்தது. கரும்பும் காப்பியும் விளைவித்து ஐரோப்பாவுக்கு அனுப்புவதற்காக ஆப்பிரிக்காவிலிருந்து மனிதர்களைப் பிடித்துக் கொண்டு வந்து கப்பல் கப்பலாக இறக்கினார்கள். 1789-ம் வருஷத்தில் அங்கே சுமார் 5 லட்சம் அடிமைகள் இருந்தார்கள். அவர்களை அடக்கி வைத்திருந்த வெள்ளையர்களோ அதில் பத்தில் ஒரு பங்கு கூட இல்லை. 1791-ல் அந்த அடிமைகள் கிளம்பினார்கள். பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் போராடி, நெப்போலியன் அனுப்பிய பட்டாளத்தையும் தோற்கடித்து, 1804-ம் வருஷம் ஜனவரி மாதம் 1-ந் தேதி சுதந்திரம் பிரகடனம் செய்தார்கள். அடிமைகளே எழுந்து அடிமைத்தனத்தை ஒழித்து ஒரு தேசத்தை ஸ்தாபித்தது உலக சரித்திரத்தில் அந்த ஒரு இடத்தில்தான்.

அதற்கு உலகம் கொடுத்த பரிசு என்ன தெரியுமா? 1825-ல் பிரான்சு ராஜா பதினான்கு யுத்தக் கப்பல்களை அனுப்பி, "எங்கள் ஆட்களுக்கு நஷ்ட ஈடாக 15 கோடி பிராங்க் கொடு, கொடுத்தால்தான் உன்னைத் தேசமாக ஒப்புக் கொள்வேன்" என்றான். நஷ்டமடைந்த சொத்து எது? அந்த ஜனங்களின் சொந்த உடம்புதான்! திருட்டுக் கொடுத்தவன் திருடனுக்கு நஷ்ட ஈடு கட்ட வேண்டுமாம். பிறகு 1838-ல் அதை 9 கோடியாகக் குறைத்தார்கள். இதைக் கட்டுவதற்காக வாங்கிய கடனும், அந்தக் கடனுக்காக வாங்கிய கடனும் தீர்ந்தது 1947-ல்தான். இந்த உலகம் எவ்வளவு பெரிய கேலிக்கூத்து என்பதை ஹெய்ட்டிக்காரர்கள் புத்தகம் படித்துத் தெரிந்து கொள்ள வேண்டியதில்லை. கணக்குச் சீட்டைப் பார்த்தாலே போதும்.

இனி அவர்களுடைய தினசரி வாழ்க்கைக்கு வருவோம்.

வழியில் ஒருவரையொருவர் சந்தித்தால் "சௌக்கியமா?" என்று கேட்பது எங்கும் உள்ள வழக்கம். ஹெய்ட்டியில் அதற்குப் பலபேர் சொல்லும் பதில், "முன்னைவிட மோசமில்லை" என்பது. இன்னொரு பதில், "எரிந்து கொண்டிருக்கிறோம்" என்பது. இரண்டையும் சிரித்துக் கொண்டே சொல்லுவார்கள். "ஆண்டவன் புண்ணியத்தில் சுகம்" என்று பொய் சொல்வதைவிட, "மோசமில்லை" என்று அளந்து சொல்லும் அந்தப் பதிலில் எவ்வளவு யோக்கியம் இருக்கிறது என்று பாருங்கள்.

வெளிதேசத்தார் உடுத்திக் கழித்த துணிகள் மூட்டை மூட்டையாக அங்கே வந்து சந்தையில் விற்கின்றன. 1960-ம் வருஷங்களில், அமெரிக்காவில் கென்னடி ஜனாதிபதியாக இருந்த காலத்தில், இப்படிப்பட்ட துணிகள் ஏராளமாக வந்து குவிந்தன. ஜனங்கள் அந்தப் பழந்துணிக்கே "கென்னடி" என்று பெயர் வைத்து விட்டார்கள். தர்மம் செய்தவர் பெயர் கல்வெட்டில் ஏறவில்லை. கிழிந்த கால்சட்டையில் ஏறிற்று!

2008-ல் அரிசி விலை தாங்க முடியாமல் ஏறிப் போயிற்று. வயிற்றில் பசி, வெளுப்புத் திராவகத்தைக் குடித்தது போல எரிகிறது என்று சொல்ல, துணி வெளுக்க உதவும் ஒரு சரக்கின் பெயரான "குளோராக்ஸ்" என்பதைச் சேர்த்து "குளோராக்ஸ் பசி" என்று அதற்குப் பெயரிட்டார்கள். அந்தப் பெயர் ஊரெங்கும் பரவிற்று. அந்த ஏப்ரல் மாதத்திலேயே ஜனங்கள் தெருவில் திரண்டு கிளர்ச்சி செய்ய, பிரதம மந்திரி பதவி இழந்தார். பசிக்குப் பெயர் வைத்ததால் மட்டும் மந்திரி விழுந்துவிடவில்லை. ஆனால் தனித்தனியாக அவனவன் வயிற்றில் இருந்த வேதனைக்கு ஒரு பொதுப் பெயர் கிடைத்தால், அது பொது வழக்காகி விடுகிறது அல்லவா?

2010-ம் வருஷம் ஜனவரி 12-ந் தேதி அங்கே பெரும் பூகம்பம் ஏற்பட்டது. லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் மாண்டு போனார்கள். ஜனாதிபதியின் மாளிகையே சரிந்து விழுந்தது. அவர்கள் பிசாசோடு உடன்படிக்கை செய்து கொண்டு சாபம் பெற்றவர்கள் என்று அமெரிக்காவில் ஒரு பாதிரியார் டெலிவிஷனில் பேசினார். செத்தவர்களோ மேஸ்திரியும் மாணவனும் கைக்குழந்தையும். அந்தச் சாபத்தின் குறி அவ்வளவு துல்லியம்! ஹெய்ட்டி ஜனங்கள் என்ன செய்தார்கள்? பூமி ஆடும்போது எழுந்த சப்தத்தையே பெயராக்கி, அதை "குடுகுடு" என்று அழைத்தார்கள். அவர்கள் வாயில் அது "குடூகுடூ" என்று ஒலிக்கும். தாங்க முடியாத ஒன்றைச் சின்னப் பெயர் வைத்து வாய்க்குள் அடக்கிக் கொண்டார்கள்.

அவர்களுடைய பழமொழிகளையும் கொஞ்சம் கேளுங்கள். "கழுதை உழைக்கிறது, குதிரைக்குச் சரிகை கட்டுகிறார்கள்" என்கிறார்கள். "அரசியல் சட்டம் காகிதம், துப்பாக்கிமுனைக் கத்தி இரும்பு" என்கிறார்கள். இருபதுக்கு மேற்பட்ட அரசியல் சட்டங்களை எழுதிப் பார்த்த தேசம் அது. அனுபவித்துச் சொன்ன வார்த்தை. "தண்ணீரில் கிடக்கும் கல்லுக்கு வெயிலில் கிடக்கும் கல்லின் கஷ்டம் தெரியாது" என்கிறார்கள். "பிரெஞ்சு பேசினால் புத்தி இருக்கிறதென்று அர்த்தமில்லை" என்றும் ஒரு பழமொழி உண்டு. இதற்குக் காரணம் இருக்கிறது. அந்த ஜனங்கள் எல்லாரும் பேசுவது கிரியோல் என்னும் பாஷை. கோர்ட்டும் கச்சேரியும் பள்ளிக்கூடமும் நடந்ததோ ஒரு சிறு கூட்டத்துக்கு மட்டும் தெரிந்த பிரெஞ்சில். 1987-ம் வருஷத்து அரசியல் சட்டத்தில்தான் கிரியோலும் பிரெஞ்சுக்குச் சமமாக ராஜாங்க பாஷையாயிற்று. தன் வழக்கு எந்தப் பாஷையில் தீர்க்கப்படுகிறதோ அதைப் புரிந்து கொள்ள முடியாதவனுக்கு இந்த ஒரு பழமொழிதான் வக்கீலாக இருந்தது.

இரவில் வேலை முடிந்த பிறகு கதை சொல்லுவார்கள். சொல்லுகிறவர் "க்ரிக்?" என்று கேட்பார். சுற்றி இருப்பவர்கள் எல்லாரும் "க்ராக்!" என்று கத்த வேண்டும். கத்தாவிட்டால் கதை கிடையாது. கேட்பவன் சம்மதமில்லாமல் பேசுகிறவனுக்கு அதிகாரமில்லை என்பது அதன் அர்த்தம். பிரசங்க மேடைகளுக்கும் சட்டசபைகளுக்கும் கூட இந்த விதி வந்தால் நன்மையாக இருக்கும்!

விடுகதையும் போடுவார்கள். "நிற்கிற தண்ணீர் எது?" கரும்பு. "படுத்திருக்கிற தண்ணீர் எது?" தர்ப்பூசணி. "தொங்குகிற தண்ணீர் எது?" தேங்காய். எந்தக் கரும்புக்காகத் தங்கள் முன்னோர் சாட்டையடி பட்டுச் செத்தார்களோ அந்தக் கரும்பைக் குழந்தைகளின் விளையாட்டுப் பொருளாக்கி விட்டார்கள்.

கதைகளில் வருகிற இரண்டு முக்கியமான ஆட்கள் புக்கி, மாலிஸ் என்பவர்கள். புக்கி எப்போதும் பசித்தவன், உழைப்பாளி, யார் எது சொன்னாலும் நம்புகிறவன். மாலிஸ் தந்திரக்காரன். புக்கி என்ற சொல்லுக்கு மேற்கு ஆப்பிரிக்காவின் வோலோப் பாஷையில் கழுதைப்புலி என்று அர்த்தம். கப்பலின் அடித்தட்டில் சங்கிலி போட்டுக் கொண்டு வந்தவர்களிடம் பாத்திரம் இல்லை, பண்டம் இல்லை. ஆனால் கதையைச் சோதனை போட்டுப் பறிக்கச் சுங்கக்காரனால் முடியவில்லை.

ஒரு கதை சொல்லுகிறேன். புக்கி பட்டணத்துச் சந்தைக்குப் போகிறான். ஒரு கிழவர் எதையோ ருசித்துத் தின்று கொண்டிருக்கிறார். "அது என்ன தாத்தா?" என்று கேட்கிறான். அந்தச் சமயத்தில் கிழவர் மிளகாயைக் கடித்து விட்டார். "ஊய்யாய்!" என்று கத்துகிறார். அந்தப் பண்டத்தின் பெயரே ஊய்யாய் என்று புக்கி எண்ணிக் கொண்டு கடை கடையாகப் போய், "ஐந்து காசுக்கு ஊய்யாய் கொடுங்கள்" என்று கேட்கிறான். எல்லாரும் சிரிக்கிறார்கள். மாலிஸ் மட்டும், "என்னிடம் இருக்கிறது" என்று ஒரு பையைக் கொடுக்கிறான். பையில் மேலே பழங்களும் கிழங்கும், அடியில் சப்பாத்திக்கள்ளி. புக்கி ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, "இது ஊய்யாய் அல்ல, இதுவும் ஊய்யாய் அல்ல" என்று தள்ளிக் கொண்டே போய், கடைசியில் கள்ளிமுள்ளில் கையை விட்டு "ஊய்யாய்!" என்று அலறுகிறான். "அதுதானப்பா நீ கேட்டது!" என்கிறான் மாலிஸ்.

தோழர்களே! நீங்கள் சிரித்தீர்கள். அங்கே கேட்பவர்களும் சிரிக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் அந்தச் சிரிப்பு யார் மேல் விழுகிறது? பகல் முழுதும் மண்வெட்டி பிடித்தவர்கள் உட்கார்ந்து கொண்டு, மண்வெட்டி பிடித்த புக்கியைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். பழங்களைக் கையில் எடுத்துக் கொண்டே "இது அல்ல, இது அல்ல" என்று எறிந்து விட்டு, பெயர் தெரியாத ஒன்றைத் தேடி முள்ளில் கை வைத்தவனைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். "நம்பாதே; விசாரி; பையைக் கவிழ்த்துப் பார்" என்ற பாடம் அதில் இருக்கிறது. ஆனால் அபாயமும் இருக்கிறது. மாலிஸ் ஏமாற்றுவது பண்ணையாரை அல்ல, பக்கத்து வீட்டுக்காரனை. தந்திரம் மேலே பாய முடியாதபோது கீழே பாய்கிறது. ஆகவே ஹாஸ்யம் என்பதெல்லாம் ஏழைகளின் ஆயுதம் என்று நாம் ஒரே அடியாகத் தீர்ப்புச் சொல்லி விடக் கூடாது. கத்தியைப் போல அதற்கும் பிடி எந்தக் கையில், முனை எந்தப் பக்கம் என்று பார்க்க வேண்டும்.

முனை மேல்நோக்கிப் பாய்ந்ததற்கு ஒரு உதாரணம். 1915-ம் வருஷம் ஜூலை மாதம் தலைநகரான போர்ட்-ஓ-பிரின்ஸில் சார்ல்ஸ் ஆஸ்கார் எத்தியேன் என்ற சேனாதிபதி, சிறையில் இருந்த 160-க்கு மேற்பட்ட அரசியல் கைதிகளைக் கொன்று குவிக்கச் செய்தான். ஜனங்கள் கொதித்து எழுந்தார்கள். அந்தச் சேனாதிபதியும் கொல்லப்பட்டான், ஜனாதிபதியும் கொல்லப்பட்டான். அந்தச் சாக்கில் அமெரிக்கப் பட்டாளம் வந்து இறங்கி 1934 வரையில் பத்தொன்பது வருஷம் அந்தத் தேசத்தை ஆண்டது. ஆனால் ஜாக்மெல் என்ற ஊரில் வருஷந்தோறும் நடக்கும் கார்னிவல் என்னும் வேடத் திருவிழாவில் இன்றும் "ஷாலோஸ்கா" என்று ஒரு வேடம் வருகிறது. சார்ல்ஸ் ஆஸ்கார் என்ற பெயர்தான் ஜனங்கள் வாயில் அப்படிச் சுருங்கிற்று. ராணுவ உடுப்பு, பெரிய பல், தடித்த சிவந்த உதடு. இந்த வேடக்காரர்கள் கூட்டமாக வந்து மிரட்டுவார்கள். குழந்தைகள் ஓடுவதும் சிரிப்பதுமாக இருப்பார்கள். சரித்திரப் புத்தகம் வாங்கக் காசில்லாத ஜனங்கள் தெருவையே சரித்திரப் புத்தகமாக்கி, கொலைகாரனுக்குப் பல் வைத்துத் தைத்துத் தொங்கவிட்டு விட்டார்கள்.

இனி நம் போன்றவர்களுக்கு மிகவும் முக்கியமான இடத்துக்கு வருகிறேன்.

ஹெய்ட்டியில் வூடு என்று ஒரு மதம் உண்டு. ஆப்பிரிக்கத் தெய்வங்களும் கத்தோலிக்கச் சாமியார்களும் கலந்த மதம். அதில் ஆவிகள் மனிதர் மேல் வந்து ஏறும் என்பது நம்பிக்கை. யார் மேல் ஆவி ஏறுகிறதோ அவரை அந்த ஆவியின் "குதிரை" என்பார்கள். அந்த ஆவிகளில் ஒரு கூட்டம் கெடே என்பது. செத்தவர்களின் ஆவி. அதற்குத் தலைவன் பாரன் சாம்டி என்ற சுடுகாட்டு எஜமான். கறுப்புக் கோட்டு, உயரத் தொப்பி, கறுப்புக் கண்ணாடி. நவம்பர் 1, 2 தேதிகளில் இவர்களுக்குத் திருவிழா. மற்ற தேசங்களில் மரணதேவன் என்றால் பயங்கரமானவன். இந்தக் கெடேயோ காரமான மிளகாய் ஊறப்போட்ட ரம்மைக் குடித்து, மூக்கால் பேசி, பச்சையான ஆபாச ஹாஸ்யங்களை அள்ளி வீசி, பெரிய மனிதர்களின் மானத்தை வாங்கி விட்டுப் போகிறவன்.

ஸோரா நீல் ஹர்ஸ்டன் என்ற அமெரிக்க நீக்ரோ மாது ஹெய்ட்டிக்குப் போய் விசாரித்து 1938-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். அதற்கு அவர் இட்ட பெயரே, கெடே வழக்கமாகச் சொல்லும் வார்த்தையான "என் குதிரையிடம் சொல்" என்பது. அந்த அம்மாள் கவனித்தது என்னவென்றால், கெடே ஏறியதாகச் சொல்லிக் கொண்டு பேசுகிறவர்களில் பலர், வேறு சமயத்தில் சொல்லத் தைரியமில்லாத சங்கதிகளையே அப்போது சொல்லி விடுகிறார்கள் என்பது. மேல்வகுப்பாரின் வேஷத்தையும் கொடுமையையும் குத்திக் காட்டி விட்டு, கடைசியில் "என் குதிரையிடம் சொல்" என்று முடித்து விடுவார்கள். சொன்னது ஆவி, குதிரைக்கு ஒன்றும் தெரியாது. ஆவியைப் போலீசில் பிடித்துக் கொடுக்க முடியுமா?

இதைக் கேட்டவுடன் "சுத்த மூட நம்பிக்கை" என்று சொல்லி நாம் எழுந்து போய்விடலாம். அப்படிப் போனால் பாதிதான் பார்த்தவர்களாவோம். நிதானமாக யோசியுங்கள். அந்த ஆவி சொன்ன சங்கதிகளில் குதிரைக்கு முன்பே தெரியாத சங்கதி ஒன்றாவது உண்டா? எஜமானியம்மாள் கூலியில் பிடித்துக் கொண்டது சமையற்காரிக்குத் தெரியும். கனவான் கடன் வைத்திருப்பது வண்டிக்காரனுக்குத் தெரியும். தெரிந்த அறிவும் அவளுடையது, சொன்ன நாக்கும் அவளுடையது, ஹாஸ்யமும் அவளுடையது. கீர்த்தி மட்டும் ஆவிக்கு! ஏன் அப்படி? வாயுள்ள மனிதனுக்குப் பேச உரிமை இல்லை. இல்லாத ஆவிக்கு உரிமை இருக்கிறது. குற்றம் முகமூடி போட்டவள் மேலா, முகத்தோடு பேசினால் அடிப்பேன் என்றவன் மேலா?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1941, 1942 வருஷங்களில் ஹெய்ட்டியில் "மூட நம்பிக்கை ஒழிப்பு" என்று ஒரு இயக்கம் நடந்தது. யார் நடத்தினார்கள்? கத்தோலிக்கப் பாதிரிமார்கள், அரசாங்கத்தின் உதவியோடு. கோவில்களை இடித்தார்கள், மேளங்களைக் கொளுத்தினார்கள், குடியானவர்களை வூடுவை விட்டு விடுவதாகச் சத்தியம் செய்யச் சொன்னார்கள். பெயர் நல்ல பெயர்தான். ஆனால் கொளுத்திய கையில் சிலுவை இருந்தது. ஒரு மூட நம்பிக்கை இன்னொன்றைத் தடியால் அடிப்பதற்குப் பகுத்தறிவு என்று பெயரல்ல. அறிவு விசாரித்து விளக்கும், தடி விசாரிக்காது.

சரி, முகமூடி போட்டாவது பேசினார்களே, அது போதாதா என்று கேட்கலாம். போதாது என்பதற்கு ஹெய்ட்டியே சாட்சி.

1957-ல் பிரான்சுவா துவாலியே என்ற டாக்டர் ஜனாதிபதியானான். கிராமங்களில் யாஸ் என்னும் தோல் வியாதிக்கு வைத்தியம் பார்த்தவன். ஜனங்கள் "பாப்பா டாக்" என்று அழைத்தார்கள். வூடுவைப் பற்றி ஆராய்ந்து எழுதியவனுங்கூட. அந்தப் படிப்பை அவன் எதற்கு உபயோகித்தான் தெரியுமா? கறுப்புக் கோட்டு, கறுப்புத் தொப்பி, தடித்த கண்ணாடி, மெல்லிய குரல் என்று சாட்சாத் பாரன் சாம்டியைப் போலத் தோன்றினான். ஜனங்கள் அவனே சுடுகாட்டு எஜமான் என்று கிசுகிசுத்தார்கள். அவன் மறுக்கவில்லை, அந்தப் பேச்சு பரவட்டும் என்றே விட்டான். குடியானவர்களின் தெய்வத்துக்குரிய நீலத்துணியையும், கறுப்புக் கண்ணாடியையும் மாட்டி ஒரு அடியாள் பட்டாளத்தை ஏவினான். ஜனங்கள் அதற்கு இட்ட பெயர் "தோந்தோன் மக்கூத்". சொல் பேச்சுக் கேளாத குழந்தையைக் கோணிப்பையில் போட்டுத் தூக்கிப் போகும் பூச்சாண்டி மாமாவின் பெயர் அது. பாட்டி சொன்ன கதையிலிருந்து பூச்சாண்டி எழுந்து வந்து நிஜமாகவே கதவைத் தட்டினான்.

1964-ல் அவன் ஆயுள்பரியந்த ஜனாதிபதியானான். அதே வருஷத்தில் வெளிவந்த ஒரு ஞானோபதேசப் புத்தகத்தில், கிறிஸ்தவர்கள் பரலோகத்திலிருக்கும் பிதாவைப் பார்த்துச் செய்யும் ஜெபத்தை, அரண்மனையிலிருக்கும் டாக்டரைப் பார்த்துச் செய்வதாக மாற்றி அச்சிட்டிருந்தார்கள். ஒரு விகடகவி செய்திருந்தால் வயிறு வலிக்கச் சிரிக்கலாம். சர்க்காரே செய்தபடியால் ஒருவரும் சிரிக்க முடியவில்லை. தகப்பன், மகன் இருவர் ஆட்சியிலும் மாண்டவர்கள் 30,000 முதல் 60,000 வரை என்று மதிப்பிடுகிறார்கள்.

இங்கேதான், தோழர்களே, நான் சொல்ல வந்த விஷயம் இருக்கிறது. ஏழை தன் சிரிப்பைத் தன் பெயரில் சிரிக்காமல் ஒரு ஆவியின் தொப்பிக்குள் ஒளித்து வைத்திருந்தான். தொப்பி இரவல் தொப்பி. ஒரு நாள் சர்வாதிகாரி வந்து அந்தத் தொப்பியை எடுத்துத் தன் தலையில் வைத்துக் கொண்டான். தொப்பியோடு சிரிப்பும் போய் விட்டது. எந்தத் தெய்வம் "பெரிய மனிதனைப் பார்த்துச் சிரி" என்று அனுமதி கொடுத்ததோ, அதே தெய்வத்தின் உருவம் "மூச்சு விடாதே" என்றது. அனுமதி வாங்கிச் சிரிக்கும் சிரிப்புக்கு இதுதான் கதி.

அவன் 1971-ல் செத்தான். பத்தொன்பது வயது மகன் பட்டத்துக்கு வந்தான். 1986-ம் வருஷம் பிப்ரவரி 7-ந் தேதி ஜனங்களின் கிளர்ச்சியைத் தாங்க முடியாமல் மகன் ஆகாய விமானம் ஏறி ஓடினான். ஜனங்கள் போய்த் தகப்பனுடைய சமாதியை உடைத்துப் பார்த்தார்கள். அவனுடைய சவப்பெட்டி அங்கே இல்லை. சுடுகாட்டு எஜமானுக்குச் சுடுகாட்டிலேயே இடமில்லாமல் போயிற்று!

அப்படியானால் சொந்த வாயால், சொந்தப் பெயரில் சிரித்தவர்கள் அங்கே இல்லையா? உண்டு. திண்ணையில் உட்கார்ந்து ஊர் நடப்பை வேடிக்கையாகவும் குத்தலாகவும் கதையாகச் சொல்வதற்கு அங்கே "லோத்யான்ஸ்" என்று பெயர். இதில் ஆவியில்லை, அற்புதமில்லை. மனிதன் மனிதனைப் பற்றி மனிதருக்குச் சொல்வது. இதை எழுத்தில் கொண்டு வந்தவர்களில் முக்கியமானவர் ஜுஸ்தேன் லெரிசோன். அந்தத் தேசத்தின் தேசீய கீதத்துக்கு வார்த்தை எழுதியவர் அவரே. அது 1904-ல் தேசீய கீதமாக ஏற்கப்பட்டது. அடுத்த வருஷமே அவர் "பித்தித்-காய் குடும்பம்" என்ற கதையை வெளியிட்டார். பணமும் பகட்டும் உள்ள ஒருவர் சட்டசபைத் தேர்தலுக்கு நின்று, தேர்தல் தரகர்களிடம் பணத்தை இறைத்து, கடைசியில் அடியும் சிறையும் கண்டு அழிந்து போகும் கதை. தேசத்தைப் போற்றிய அதே பேனா தேசத்தின் பித்தலாட்டத்தைப் பரிகாசம் செய்தது. பரிகாசம் செய்தவன் தேசத் துரோகி என்பவர்களுக்கு இதைவிட வேறு பதில் வேண்டுமா?

மற்றொருவர் மொரிஸ் சிக்ஸ்டோ. 1919-ல் பிறந்து 1984-ல் இறந்தவர். இவர் கதைகளைக் கிரியோல் பாஷையில் வாயால் சொல்லிப் பதிவு செய்தார். எழுத்து வாசனை இல்லாதவர்களும் நாடாப் பெட்டியிலும் ரேடியோவிலும் கேட்டார்கள். அவருடைய கதைகளில் பிரசித்தமானது "தி சென்தானிஸ்". ஹெய்ட்டியில் ஏழைக் குடியானவர்கள் தங்கள் குழந்தைகளைப் படிக்க வைப்பார்கள் என்று நம்பிப் பட்டணத்து வீடுகளுக்கு அனுப்புவதும், அந்த வீட்டார் அக்குழந்தைகளைச் சம்பளமில்லாத வேலைக்காரர்களாக வைத்துக் கொள்வதும் வழக்கம். அடிமைத்தனத்தை ஒழித்த தேசத்திலேயே அடிமைக் குழந்தைகள்! இக்கதையில் தன் சொந்த மகளைக் கண்ணே மணியே என்று கொஞ்சும் வாய், சென்தானிஸ் என்ற வேலைக்காரச் சிறுமியைப் பார்த்தவுடன் வசைமாரி பொழிகிறது. சிக்ஸ்டோ இரண்டு குரலையும் மாற்றி மாற்றிப் பேசிக் காட்டுவார். கேட்பவர்கள் சிரிப்பார்கள். சிரித்துக் கொண்டிருக்கும்போதே அந்த இரண்டாவது குரல் தங்கள் வீட்டுக் குரல் என்று தெரிந்து வாயடைத்துப் போவார்கள். பிறரைப் பார்த்துச் சிரிப்பது சுலபம். நம்மைப் பார்த்து நாமே வெட்கப்படும்படி சிரிக்க வைப்பதுதான் உயர்ந்த ஹாஸ்யம்.

லோத்யான்ஸ் எழுதியவர்களில் ஜார்ஜ் ஆங்லாட் என்ற பூகோள சாஸ்திரப் பேராசிரியரும் ஒருவர். ஹெய்ட்டியின் சிரிப்பைப் பற்றியே புத்தகம் போட்டவர். 2010 பூகம்பத்தில் மனைவியோடு மாண்டு போனார். அவர் போனாலும் திண்ணைப் பேச்சு நிற்கவில்லை. 2021-ல் ஜனாதிபதி ஒருவர் சொந்த வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அதன் பிறகு ஆயுதக் கும்பல்கள் தலைநகரின் பெரும்பகுதியைப் பிடித்துக் கொண்டு லட்சக்கணக்கானவர்களை வீட்டை விட்டு விரட்டின. அந்த ஜனங்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று கேட்டால், "அவர்கள் எதையும் சிரித்துக் கொண்டே தாங்குவார்கள்" என்று வெளிதேசத்துக் கனவான்கள் மெச்சுகிறார்கள்.

இந்த மெச்சுதலைக் குறித்து எச்சரிக்கையாயிருங்கள். "பாவம், எவ்வளவு கஷ்டத்திலும் சிரிக்கிறார்கள்!" என்று சொல்கிறவன், "ஆகவே இன்னும் கொஞ்சம் கஷ்டப்படட்டும்" என்பதை வாய்க்குள் வைத்துக் கொண்டிருக்கிறான். வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுக்காதவன் கடன் கொடுத்தவனுடைய பொறுமையைப் புகழ்வது போன்றது அது. சிரிப்பு பசிக்குச் சோறாகாது. சிரிப்பு கொடுமைக்குக் கொடுக்கும் நற்சாட்சிப் பத்திரமும் ஆகாது. "உன்னைக் கண்டு நான் பயப்படவில்லை, நீ யாரென்று எனக்குத் தெரியும்" என்பதற்கு அடையாளமே சிரிப்பு. தெரிந்து கொண்ட பிறகு செய்ய வேண்டிய வேலை பாக்கி இருக்கிறது. 1791-ல் அந்த அடிமைகள் செய்த வேலை அது. 1986-ல் அவர்கள் பேரப்பிள்ளைகள் செய்த வேலையும் அதுதான்.

ஆகவே தோழர்களே! சிரிக்கும்போது மூன்று கேள்வி கேட்டுக் கொள்ளுங்கள். இந்தச் சிரிப்பு மேலே இருப்பவன் மேல் பாய்கிறதா, கீழே கிடப்பவன் மேல் விழுகிறதா? இதை நான் என் பெயரில் சிரிக்கிறேனா, யாருடைய தொப்பிக்குள்ளாவது ஒளிந்து கொண்டு சிரிக்கிறேனா? சிரித்து முடித்த பிறகு நான் எழுந்து நிற்கப் போகிறேனா, படுத்துக் கொள்ளப் போகிறேனா? அந்தக் கதைசொல்லி "க்ரிக்?" என்று கேட்டால் சம்மதமுள்ளவர்கள்தான் "க்ராக்!" என்று சொல்ல வேண்டும். நான் கேட்டு விட்டேன். பதிலை உங்கள் சொந்த அறிவைக் கேட்டுச் சொல்லுங்கள்.